மிஸ் அட்வெல்லின் பிள்ளை

பாஸ்டர் பொறுமையைப் பற்றிப் பேசத் தொடங்கி வெகுநேரமாகிவிட்டது. யோபுவின் பொறுமை முடிந்து, ஆபிரகாமின் பொறுமை முடிந்து, இப்போது விதைத்தவன் மழைக்குக் காத்திருக்கும் பொறுமை நடந்துகொண்டிருந்தது. முன்வரிசை பெஞ்சில் உட்கார்ந்திருந்த எப்சிபாய்க்கோ தன் பொறுமை யோபுவோடேயே தீர்ந்துபோயிருந்தது. பிரசங்கம் முடிந்தால் ஒரு பாட்டு, பாட்டு முடிந்தால் ஞானஸ்நானம், அப்போது அவள் எழுந்துபோய் அந்தக் கல்தொட்டிப் பக்கத்தில் நின்று, பாஸ்டர் கேட்கும்போது பிள்ளையின் பேரைச் சொல்ல வேண்டும். அட்வெல் குடும்பத்தில் அதுதான் வழக்கம். பெற்றவர்கள் வாய் திறப்பதில்லை. குடும்பத்தில் மூத்த அட்வெல் எழுந்து முழுப் பேரையும் சபை கேட்கச் சொல்வார், பாஸ்டர் அதை அப்படியே திருப்பிச் சொல்லித் தண்ணீர் ஊற்றுவார், அதோடு பேர் நின்றுவிடும், பிறகு யாரும் அதைத் தொட்டதில்லை. அப்பா சொன்னார், அப்பாவுக்குப் பிறகு இவளைத் தாண்டித் தம்பி எபனேசரிடம் போயிற்று அந்த வேலை, ஆம்பிளை என்பதால். தம்பி போன வருஷம் கர்த்தரிடம் போய்விட்டான். அவன் மகன் ஜெபின், அத்தைதான் நிற்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். ஆக, கல்யாணம் ஆகாமல் அட்வெல்லாகவே இருந்து எழுபத்து நாலு வயதுக்கு வந்து சேர்ந்த எப்சிபாய், இன்று தபிதா என்று மட்டும் சொன்னால் பிள்ளை வெறும் தபிதா, தபிதா அட்வெல் என்று சொன்னால் தபிதா அட்வெல். ஒரு சொல்தான். அதைச் சொல்லப்போகிறோமா முழுங்கப்போகிறோமா என்று இந்த நிமிஷம்வரை அவளுக்கே தெரியவில்லை. வலது முழங்கால் வேறு விண்விண்ணென்று தெறித்தது. மேலே மின்விசிறி நீளக் கம்பியில் தொங்கி ஆடிக்கொண்டு சுற்றியது. அது என்றைக்காவது யார் தலையிலாவது விழும் என்று அவள் சின்ன வயதிலிருந்து பயந்துகொண்டிருக்கிறாள், அது இன்னும் விழவில்லை.

பிள்ளை ஷெர்லின் மடியில் இருந்தது. ஷெர்லின் என்றால் ஜெபினின் மனைவி. இரண்டு பேரும் பத்து வருஷம் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கி, ஊசி போட்டு, உபவாசம் இருந்து, கடைசியில் அதையெல்லாம் விட்டுவிட்டு அனாதைப் பிள்ளைகள் விடுதியிலிருந்து தத்தெடுத்து வந்த பிள்ளை. வந்தபோது அதற்கு வேறு பேர் இருந்தது, அன்றைக்கு டியூட்டியில் இருந்த ஆயாவின் பேராம், பேரில்லாத பிள்ளைகளுக்கு அங்கே அப்படித்தான் வைப்பார்களாம். வெள்ளைக் கவுனுக்குள் கிடந்துகொண்டு தன் கால் கட்டைவிரலைப் பிடித்து வாய்க்குக் கொண்டுபோகப் பார்த்தது இப்போது, எட்டவில்லை, கோபம் வந்தது, மறுபடி பார்த்தது. பொறுமை என்றால் அதுதான் பொறுமை, பாஸ்டர் இறங்கி வந்து இதைப் பார்க்கலாம். கறுப்புப் பிள்ளை, நெற்றி மேடு, காது கொஞ்சம் விரிந்து நிற்கும். அட்வெல் காது இப்படி இல்லை. எங்கள் காது தலையோடு ஒட்டியிருக்கும், அப்பாவுக்கு அப்படி, எபனேசருக்கு அப்படி, எனக்கு அப்படி, என்று ஓடிய மனத்தை எப்சிபாய் சட்டென்று பிடித்து நிறுத்தினாள். இந்தக் காதுக் கணக்கைத்தான் சிகாமணியும் சொன்னான். சிகாமணி அவளுக்குச் சித்தப்பா மகன், முழுப்பேர் ஞானசிகாமணி அட்வெல், இரண்டு வரிசை பின்னால் ஆண்கள் பக்கம் உட்கார்ந்து இருமிக்கொண்டிருக்கிறான். அந்த இருமலுக்கு அர்த்தம் அவளுக்குத் தெரியும். அக்கா, மறந்துராத.

மூன்று வாரத்துக்கு முன்னால் மத்தியானச் சாப்பாட்டில்தான் அது நடந்தது. ஆட்டுக்கறி ருசியாக இருந்தது, அதனால் எல்லாரும் நிறையப் பேசினார்கள். ஞானஸ்நானத்துக்கு நாள் குறிக்க வேண்டும் என்று ஜெபின் எடுத்தான். சிகாமணி எலும்பை உறிஞ்சி வைத்துவிட்டு, பிள்ளையை வளர்க்கலாம், படிக்க வைக்கலாம், கட்டிக் கொடுக்கவும் செய்யலாம், யார் வேண்டாம் என்றது, ஆனால் அட்வெல் என்று மட்டும் சொல்லக்கூடாது, அது ரத்தம், என்றான். யாரும் அவனைப் பார்க்கவில்லை, எல்லாரும் எப்சிபாயைப் பார்த்தார்கள். அவள், சரிதானே, பேர் வேறே வளர்ப்பு வேறே, என்று சொல்லிவிட்டாள். வாயில் கறி இருந்தது, சொல்லிவிட்டுத்தான் மென்றாள். ஷெர்லின் பிள்ளையின் கடைவாயைத் துடைத்துக்கொண்டிருந்தவள் துடைத்து முடித்தாள், பிறகுதான் நிமிர்ந்தாள். "அத்தை என்ன சொல்லுவியளோ அதான் பிள்ளைக்குப் பேரு. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்." அவ்வளவுதான். அழுதிருந்தால் தேவலை. சண்டை பிடித்திருந்தால் இன்னும் தேவலை, சண்டைக்குப் பதில் சொல்ல எப்சிபாய்க்குத் தெரியும், நாற்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து ஊர்ப்பட்ட கோபக்காரர்களுக்குப் பதில் சொன்னவள். இப்படி மொத்தத்தையும் தூக்கி மடியில் வைத்துவிட்டுப் போனால் ஒரு மனுஷி என்ன செய்வாள்? அன்றிலிருந்து அவளுக்குச் சரியாகத் தூக்கமில்லை. மூன்று வாரமும் ஷெர்லின் காலையில் காப்பி கொண்டுவந்து வைத்தாள், முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டாள், அந்தப் பேச்சை மட்டும் எடுக்கவே இல்லை.

ரத்தமாம். ஆனால் எப்சிபாய் சரிதான் என்று தலையாட்டியது ரத்தத்துக்காக இல்லை, அது அவளுக்குத் தெரியும், சிகாமணிக்குத் தெரியாது. வீட்டு ஹாலில் துரை தொங்குகிறார். அட்வெல் துரை. தாடி வைத்த வெள்ளைக்காரர், கையில் தொப்பி, பின்னால் வரைந்த மேகம், தேக்குச் சட்டம். கிறிஸ்துமஸ் தோறும் அவருக்கு ஒரு மாலை உண்டு. அந்தக் காலத்தில் மிஷன் போர்டிங்கில் சேர்ந்த ஏழைப் பிள்ளைகளின் சாப்பாட்டுக்கும் துணிக்கும் இங்கிலாந்திலிருந்து யாராவது ஒருவர் பொறுப்பேற்பார், ஏற்றவரின் பேரையே பிள்ளைக்கு ஞானஸ்நானப் பேராக வைத்துவிடுவார்கள், நாகர்கோவில் பக்கம் இப்படி வெள்ளைக்காரப் பேர் சுமக்கிற வீடுகள் நிறைய உண்டு. ஆனால் அட்வெல்கள் அந்தக் கூட்டத்தில் சேர மாட்டார்கள். எங்கள் கதை வேறே, என்பார் அப்பா. துரை கப்பலேறி நேரே வந்தார், போர்டிங் முற்றத்தில் நின்ற எங்கள் பூட்டனைப் பார்த்தார், பார்த்ததும் மார்போடு அணைத்து, இவன் என் மகன், என் பேர் இவனுக்கு, என்றார். கேட்கும்போது அப்பாவுக்குக் கண் கலங்கும், சொல்லும்போதும் கலங்கும். அதற்கு முன்னால் பூட்டனுக்கு என்ன பேர் என்று ஒருத்தருக்கும் தெரியாது, ஒருத்தரும் கேட்டதும் இல்லை. பூட்டனின் அம்மாவைப் பற்றி மட்டும் ஒரு துண்டுக் கதை மிச்சம் இருந்தது. ஊர்க் கிணற்றுப் பக்கம் அவள் போகக்கூடாது, கொஞ்சம் தள்ளிக் குடத்தோடு நிற்க வேண்டும், மனசு வந்த யாராவது மேலேயிருந்து ஊற்றினால் உண்டு. அதை அப்பா சொல்ல மாட்டார், அம்மாதான் அடுப்படியில் சொன்னாள். அப்பாவின் கதை துரையிலிருந்துதான் தொடங்கும்.

மிஸ் அட்வெல் என்றுதான் எக்ஸ்சேஞ்சிலும் அவளைக் கூப்பிட்டார்கள். போர்டில் சின்ன விளக்குகள் எரியும், கயிற்றை எடுத்துத் துளையில் சொருகி, நம்பர் சொல்லுங்க என்பாள். வெளியூருக்கு டிரங்க் கால் என்றால் மதுரையைப் பிடிக்க வேண்டும், மதுரை சென்னையைப் பிடிக்கும். இரண்டு பக்கமும் கிடைத்தவுடன், லைன்ல இருக்காங்க, பேசுங்க, என்று சொல்லிவிட்டு, போர்டிலுள்ள சின்னச் சாவியைத் தூக்கி லைனிலிருந்து விலகிக்கொள்ள வேண்டும், அதற்குமேல் ஒட்டுக்கேட்கக்கூடாது. பேசுங்க என்ற அந்தச் சொல்லை ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொன்னாள் என்று ஆண்டவருக்குத்தான் தெரியும். அந்தப் பக்கம் மதுரையில் ஒரு குரல் இருந்தது. குட்மார்னிங் மிஸ் அட்வெல், மதுரை. கொஞ்சம் மூக்கடைத்த குரல், எப்போதும் லேசாகச் சிரித்துக்கொண்டிருக்கும். பாக்கியநாதன் என்று பேர். முகம் பார்க்காமலே ஏழெட்டு மாதம் அவள் அந்தக் குரலை நேசித்தாள், ஆமாம் நேசித்தாள், இந்த வயதில் அதைச் சொல்ல என்ன வெட்கம். ஒருநாள் அவன் தன் அண்ணனைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டான். ஹாலில் துரைக்கு நேர் கீழே அப்பா உட்கார்ந்தார். டீ கொடுத்தார்கள், நெய்யப்பம் கொடுத்தார்கள். உங்கள் குடும்பப் பேர் என்ன என்று அப்பா கேட்டார். குடும்பப் பேர் என்று தனியாக ஒன்றும் இல்லீங்க, அப்பா பேரின் முதலெழுத்துதான், என்றான் அவன், அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அப்பா நிமிர்ந்து துரையைப் பார்த்தார், அவ்வளவுதான் செய்தார். கதவுக்குப் பின்னால் நின்ற எப்சிபாயும் துரையைப் பார்த்தாள். அவர்கள் நெய்யப்பத்தைச் சாப்பிட்டுவிட்டு மரியாதையாக எழுந்து போனார்கள். பிறகு மதுரையில் வேறொரு குரல் வந்தது, அதற்கு ஜலதோஷம் இல்லை.

அதுதான். அந்தப் பேருக்கு அவள் அப்படி விலை கொடுத்திருக்கிறாள். வாழ்நாள் முழுக்க மிஸ் அட்வெல்லாக இருந்தாள், பேரைத் துடைத்துத் துடைத்து வைத்திருந்தாள், வாசலில் பித்தளை எழுத்தில் மாட்டினாள், யாராவது தப்பாக உச்சரித்தால் திருத்தினாள். இப்போது எங்கிருந்தோ வந்து, கால்விரலைக் கடிக்கப் பார்த்துக்கொண்டு, ஒன்றும் கொடுக்காமல் இந்தப் பொடிசு அதை வாங்கிக்கொண்டு போகுமா? மூன்று வாரமாக நெஞ்சில் முள்ளாக நின்றது இதுதான், இது பொறாமை, கைக்குழந்தைமேல் எழுபத்து நாலு வயதில் பொறாமை. எப்சிபாய்க்குத் தன்மேலேயே அருவருப்பாக வந்தது. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தாள். பவுடரும் வியர்வையும் சேர்ந்து வெள்ளையாக ஒட்டியது. வெளியே லேசாக மழை பிடித்திருந்தது, ஈர மண் வாசம் உள்ளே வந்தது, பாஸ்டர் சரியாக அந்த நேரம் பார்த்து, இதோ மழை, என்று கையை நீட்டினார், சபை சிரித்தது. ஷெர்லின் சிரிக்கவில்லை. பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தாள். அது அழவே இல்லை, ஆனாலும் தட்டினாள்.

மழை வாசம் என்றால் அந்த ஊர்தான் ஞாபகம் வரும். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஜெபினும் ஷெர்லினும் இங்கிலாந்தில் வேலையில் இருந்தபோது எப்சிபாய் போய் மூன்று மாதம் இருந்தாள். மற்றவர்கள் மாதிரி ராணி வீட்டைப் பார்க்க வேண்டும், பாலத்தைப் பார்க்க வேண்டும் என்றெல்லாம் அவள் கேட்கவில்லை. துரையின் கல்லறையைப் பார்க்க வேண்டும் என்றாள். அட்வெல் துரையின் சொந்த ஊர் என்று குடும்பத்தில் ஒரு ஊர்ப் பேர் வழிவழியாக வந்துகொண்டிருந்தது, அதை ஒரு மந்திரம் மாதிரி எல்லாரும் சொல்வார்கள். ஜெபினுக்கு லீவு இல்லை. ஷெர்லின்தான் இரவு டியூட்டி முடித்த கண்ணோடு அவளைக் கூட்டிக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் போனாள். கல்லறைமேல் சார்த்த எப்சிபாய் ஒரு பட்டுத்துண்டுகூட வைத்திருந்தாள். சின்ன ஊர், சின்னக் கோயில், பூ அடுக்கிக்கொண்டிருந்த ஒரு வயதான அம்மாளிடம் சாவி இருந்தது. அந்த அம்மாள் பேசிய இங்கிலீஷ், எல்லா லைனிலும் பேசிப் பழகிய எப்சிபாய்க்கே பிடிபடவில்லை, ஷெர்லின் தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டாள். எந்த அட்வெல் வேண்டும் என்று கேட்டாள் அந்த அம்மாள். இங்கே அட்வெல் என்று மூன்று குடும்பம் இருந்தது, ஒன்றுக்கொன்று உறவே கிடையாது. கோயிலுக்கு எதிரே ரோட்டைத் தாண்டி ஒரு கிணறு, இப்போது இரும்புக் கம்பி போட்டு மூடியிருந்தது. அந்தக் கிணற்றை ஒட்டி யார் குடியிருந்தார்களோ அவர்களுக்குக் கிணற்றடிக்காரர் என்று பேர், அதுதான் அட்வெல். வீடு மாறிப் போனால் பேரும் போய்விடும், புதிதாகக் குடி வந்தவனுக்கு அது ஒட்டிக்கொள்ளும், அந்தக் காலத்தில் அப்படித்தான், பிற்பாடுதான் பேர் ஆளோடேயே இறுகிப்போயிற்று. நாட்டில் கிணறு இருந்த ஊரிலெல்லாம் அட்வெல் உண்டு என்று சொல்லிச் சிரித்தாள் அந்த அம்மாள். எப்சிபாய் மழையில் நின்று அந்தக் கம்பிக்குள் குனிந்து பார்த்தாள். உள்ளே தண்ணீர் இருந்தது. குடத்தோடு தள்ளி நின்ற பூட்டனின் அம்மா நினைவுக்கு வந்தாள். அவள் பெற்ற மகனுக்குக் கிணற்றடிக்காரன் என்று பேர் வைத்துவிட்டார்கள், வைத்தவர்களுக்கும் தெரியாது, வாங்கியவனுக்கும் தெரியாது.

துரை எங்கே என்று கேட்டதற்குத்தான் அந்த அம்மாள் அவர்களை உள்ளே சுவரோரம் கூட்டிப்போனாள். ஒரு பித்தளைத் தகடு, கையகலம். துரை இல்லை. மிஸ் ஹாரியட் அட்வெல். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவர், மணமாகாதவர், தூரதேசத்தில் தம் பேரைத் தாங்கும் ஒரு பிள்ளையை வளர்த்தவர், என்று ஷெர்லின் மெதுவாக வாசித்து முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். கப்பல் இல்லை, முற்றம் இல்லை, மார்போடு அணைத்தது இல்லை. அந்தப் பெண் இந்த ஊரைவிட்டு வெளியே போனதே இல்லை என்றாள் சாவிக்கார அம்மாள். அப்படியானால் எங்கள் ஹாலில் இத்தனை காலமாக மாலை வாங்குகிறவர் யார்? எந்த பங்களா ஏலத்தில், எந்தத் தாத்தா, யார் தாடியைப் பார்த்து மயங்கி வாங்கி வந்தாரோ. எப்சிபாய்க்குச் சிரிப்பு வந்தது. பெஞ்சில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், சாவிக்கார அம்மாளும் என்னவென்று தெரியாமலே கூடச் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அப்பா நிமிர்ந்து துரையைப் பார்த்த பார்வை வந்தது, மூக்கடைத்த ஒரு குரல் வந்தது, அதற்கப்புறம் அது சிரிப்பாக இல்லை. ஷெர்லின் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கையில் கொடுத்தாள், பட்டுத்துண்டைப் பையிலிருந்து எடுத்து அந்தத் தகட்டின் ஆணியில் தானே தொங்கவிட்டாள். திரும்பி வரும் பஸ்ஸில், கண்ணாடி ஜன்னலில் மழை ஓடிக்கொண்டிருந்தபோது எப்சிபாய், இதை வீட்டில் யாரிடமும் சொல்லாதே, என்றாள். தம்பி உயிரோடு இருந்தான், துரை என்றால் அவனுக்கு உயிர். ஷெர்லின் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள், "எத அத்தை?"

எத அத்தை. எப்சிபாய் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். எத அத்தை என்று சொன்னவள் எட்டு வருஷமும் அதைக் காப்பாற்றினாள். அன்றைக்குச் சாப்பாட்டில் சிகாமணி ரத்தம் ரத்தம் என்று எலும்பை உறிஞ்சியபோது, இவள் தட்டை வைத்துவிட்டு, மாமா, அந்தப் பேர் யார் ரத்தத்தில் வந்தது என்று எனக்குத் தெரியும், நான் கண்ணால் பார்த்தேன், துரையும் இல்லை ஒன்றும் இல்லை, ஒரு கன்னிப்பெண் முகம் தெரியாத பிள்ளைக்குச் சும்மா தூக்கிக் கொடுத்தது, என்று சொல்லியிருக்கலாம். ஒரே வாக்கியத்தில் வென்றிருக்கலாம். தன் பிள்ளைக்காகவாவது சொல்லியிருக்கலாம், எந்தத் தாயும் சொல்வாள். சொல்லவில்லையே. கேட்க மாட்டேன் என்று மட்டும்தானே சொன்னாள், கிழவியின் மானத்தைக் காப்பாற்றுவதற்காகப் பிள்ளையின் பேரையே பணயம் வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள், இதோ அழாத பிள்ளையைத் தட்டிக்கொண்டு. எந்த அட்வெல் ரத்தம் எனக்கு இவ்வளவு செய்திருக்கிறது? இவளும் கல்யாணம் ஆகி வந்து அட்வெல் ஆனவள்தான். அம்மாவும் அப்படித்தான். எபனேசரின் மனைவியும் அப்படித்தான். யோசித்துப் பார்த்தால் எல்லாரும் எங்கிருந்தோ வந்து அந்தக் கிணற்றடியில் குடியேறியவர்கள். விலை கொடுத்தது நான் ஒருத்திதான், அதையும் யாரும் கேட்டு வாங்கவில்லை, நானாகத்தான் ஒரு பொய்த்தாடிக்குக் கொண்டுபோய்க் கொட்டினேன். எப்சிபாய் மூக்கைச் சிந்தினாள். பாக்கியநாதனுக்கு அது திரும்பப் போய்ச் சேராது. ஹாரியட் அம்மாளுக்கும் பிள்ளை கிடையாது, பேர் கொடுத்த பிள்ளையின் குரல்கூடக் கேட்டதில்லை, தண்ணீர் ஊற்றியபோது அது அழுததா சிரித்ததா என்றுகூடத் தெரிந்திருக்காது, ஆனாலும் அவள் கசந்துபோய் உட்கார்ந்திருக்கவில்லையே, பேரை எடுத்துக் கடல் தாண்டி நீட்டினாளே. அதுவும் ஒரு மிஸ் அட்வெல்தான்.

பாட்டு முடிந்ததை அவள் கவனிக்கவே இல்லை. ஜெபின் வந்து முழங்கைக்குக் கீழே கை கொடுத்தபோதுதான் எழுந்தாள். கல்தொட்டி பத்தடிதான், ஆனால் அந்தப் பத்தடிக்குள் பயம் வந்துவிட்டது, முடிவெடுத்த பிறகு வருகிற பயம். குரல் வராமல் போனால்? வெறும் தபிதா என்று நாக்கு பாதியில் நின்றுவிட்டால், பாஸ்டர் அதையே சொல்லித் தண்ணீரை ஊற்றிவிட்டால், அதோடு போயிற்று, இந்த வீட்டில் ஒருதரம் நின்ற பேரை யாரும் மாற்றியதில்லை. சிகாமணி இருமினான். இருமட்டும். தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள், தண்ணீர் இருந்தது, அதில் மேலே ஆடுகிற மின்விசிறி தெரிந்தது, தன் தலையும் தெரிந்தது, ஒட்டின காதும் தெரிந்தது. ஷெர்லின் பிள்ளையை நீட்டினாள். கை மாறும்போது எப்சிபாய் அவள் காதோடு சொன்னாள், "அந்தத் துரைப் படத்த நாளைக்கு எறக்கிருவோமா பிள்ளே?" ஷெர்லின் திகைத்துப்போய்ப் பார்த்தாள், கண் நிறைந்துவிட்டது, ஆனாலும் குரலை விடவில்லை. "இருக்கட்டும் அத்தை. பாவம், அவரும் எங்கேருந்தோ வந்தவருதானே."

பிள்ளை கனமாக இருந்தது. எப்சிபாயின் மூக்குக்கண்ணாடிச் சங்கிலியைப் பிடித்து இழுத்தது. பாஸ்டர் கையை நனைத்துக்கொண்டார். இந்தப் பிள்ளைக்குப் பேரிடுங்கள், என்றார். எப்சிபாய் வாயைத் திறந்தாள், கிழவியின் குரல் வரும் என்றுதான் நினைத்தாள், வந்தது அந்தப் பழைய குரல், போர்டின்முன் உட்கார்ந்து மதுரையையும் சென்னையையும் பிடித்த குரல், மைக் இல்லாமலே கடைசி பெஞ்சுவரை போகிற குரல். "தபிதா அட்வெல்." கடைசிச் சொல்லில் ஒரு எழுத்தைக்கூட அவள் முழுங்கவில்லை. பின்னால் இருமல் நின்றுபோயிற்று. பாஸ்டர் அதை அப்படியே திருப்பிச் சொன்னார், தபிதா அட்வெல், பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே, என்று மூன்று தரம் தண்ணீரை அள்ளி நெற்றியில் விட்டார். பேர் நின்றுவிட்டது. குளிர்ந்த தண்ணீர் நெற்றி மேட்டிலிருந்து விரிந்த காதுகளுக்குள் வழிந்தது, பிள்ளை ஒரு நொடி மூச்சை இழுத்துப் பிடித்தது, எப்சிபாயும் கூடவே பிடித்தாள், எங்கோ ரொம்ப தூரத்தில் யாரோ காதை வைத்துக் காத்திருக்கிற மாதிரி இருந்தது. பிறகு அது வீறிட்டு அழுதது, கோயில் முழுக்க. எப்சிபாய் அதைச் சமாதானம் செய்யவில்லை. நாற்பது வருஷப் பழக்கம், அவளை அறியாமலே வாயில் வந்துவிட்டது. "லைன்ல இருக்காங்க," என்றாள் பிள்ளையிடம். "பேசுங்க."